நடுக்கோடு இல்லாத முகம்

அசோகன் அண்ணன் என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தன் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்தார். காலையில் பெங்களூர் ரயிலில் நண்பனுக்கு இடம் பிடிப்பவர்கள் வைப்பது போல.

"இது ரிசர்வ்டு," என்றார்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு திருமண வரவேற்பு. மணமகனின் அப்பா அவர். மேடையில் மகன் ராகுலும் மருமகள் நிவேதாவும் படமெடுப்பவர் சொன்ன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று விருந்தினரை வரவேற்க வேண்டிய மனிதர், என்னிடம் படம் வரைந்துகொள்ள வந்தவர்களின் வரிசையை மறித்து உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்குப்பா ரிசர்வு?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

"சம்மந்திக்கு."

"அவரு இன்னும் வரவே இல்லியே!"

"வருவாரு. வந்ததும் ரெண்டு பேரையும் ஒண்ணா வரைவாங்க. அதுவரிக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்."

"அப்ப நாங்க இன்னா பண்றது? நாளிக்கு வர்றதா?"

"நீதான் முதல் பந்தியிலியே சாப்ட்டியே. அப்புறம் இன்னா அவசரம் உனுக்கு?"

வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து, தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வந்து தாளில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டினேன். அந்தக் கூடத்தில் இருந்த பெரும்பாலோருக்கு ஒரு விஷயம் தெரியும். எனக்கும் தெரியும். பெண்ணின் அப்பா வருவார், ஆனால் சாப்பிட மாட்டார்.

இரண்டு இரண்டாக

இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பத்திரிகையில் அரசியல் தலைவர்களை வரைந்த கை, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை வரையலாமா என்று.

வரையலாம். தலைவர்களை நான் பெரும்பாலும் புகைப்படம் பார்த்துத்தான் வரைந்தேன். சித்தப்பா நேரில் வந்து உட்காருகிறார். முகம் என்ற அளவில் சித்தப்பாவிடம்தான் சரக்கு அதிகம்.

செய்தித்தாளில் எனக்குக் கொடுத்த இடம் இரண்டு பத்தி அகலம். பக்கம் முடிக்கும் நேரத்துக்குள் படம் போக வேண்டும். அந்தப் பழக்கம்தான் இன்று சோறு போடுகிறது. ஒரு திரைப்பாட்டு முடிந்து இன்னொன்று பாதி ஓடுவதற்குள் ஒரு தாளை முடித்துவிடுவேன்.

எனக்கென்று சில விதிகள் உண்டு. தனி ஆளை வரைவதில்லை என்பது முதல் விதி. தனியாக உட்காருபவர் ஆதார் அட்டைக்குப் படமெடுக்க வந்தவர் போலாகிவிடுவார். உதட்டை இறுக்குவார், கழுத்தை நீட்டுவார். பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்தால் முகம் திரும்ப வந்துவிடும். அக்காவும் தங்கையும், மாமியாரும் மருமகளும், பழைய சிநேகிதர்கள் என்று யாராவது இருவர். ஒருவர் மூக்கைப் பார்த்து மற்றவர் சிரிப்பார், தன் மூக்கை மறந்துபோவார். அந்த நேரத்தில் நான் இருவரையும் பிடித்துவிடுவேன்.

இரண்டாவது விதி, என் மேசை இருக்கும் இடம். மேடைக்கும் வாசலுக்கும் நடுவில், எல்லோரும் நடந்தே ஆக வேண்டிய வழியில் போடச் சொல்வேன். மேடையிலிருந்து இறங்கி வரும் மனிதரைக் கவனித்துப் பாருங்கள். கேமராவுக்காக வைத்திருந்த சிரிப்பு நாலைந்து அடியில் உதிர்ந்து, சொந்த முகம் மெல்ல மேலே வரும். அதுதான் எனக்கு வேண்டிய முகம்.

பட்டப்பெயர் வைத்தவர்கள்

கேலிச்சித்திரம் எனக்குக் கலைக் கல்லூரியில் வந்ததில்லை. ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வந்தது. எங்கள் ஊரில் எல்லோருமே கேலிச்சித்திரக்காரர்கள். பேனா எடுக்காமல் வாயாலேயே வரைந்துவிடுவார்கள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் ஒரே ஷிப்டில் ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். டபுள் டீ முனுசாமி. குடை தாஸ். இந்த தாஸ் பூமிக்கு அடியில் வேலைக்குப் போகும்போது தினமும் குடை கொண்டு போவார். கேட்டால், "உள்ள பேயாது, ஏறி வரும்போது பேஞ்சா நீ தர்றியா?" என்பார்.

ஆளைப் பார்த்து, ஆயிரம் விஷயங்களை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்தார்கள். என் வேலையும் அதுதான். கேலிச்சித்திரம் என்றால் பெரிதாக்குவது என்று நினைக்கிறார்கள். முதலில் வேண்டாததை விட வேண்டும். பெரிதாக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அந்தக் கணக்கில் அசோகன் அண்ணனுக்கு வைத்த பெயர் சாஞ்ச அசோகன். அவர் தலை எப்போதும் இடது தோள் பக்கம் சாய்ந்தே இருக்கும். நடக்கும்போதும், டீ குடிக்கும்போதும், மகன் கல்யாணத்தில் பட்டுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும்போதும்.

மனைவிக்கு மூன்று பார்வை

பெண்ணின் அப்பா ராமலிங்கம் எனக்குப் புதியவர் அல்ல. என் மாணவர்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பு. ராமலிங்கம் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காகவே இங்கே வந்து, கம்பெனிக் குடியிருப்பிலேயே காலம் கழித்தவர். பொழுது போகட்டும் என்று அவரை வகுப்பில் சேர்த்துவிட்டதே மகள் நிவேதாதான்.

முதல் நாளே, வைத்த பென்சிலை எடுக்காமல் ஒரு கோடு போட்டார். அளவுகோல் இல்லை. வகுப்பு எட்டிப் பார்த்தது. நானும்தான். அப்படி ஒரு நேர்கோட்டை வெறுங்கையால் என்னால் போட முடியாது.

வீட்டில் ஒருவரை வரைந்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் மனைவியை வரைந்து வந்தார். ஒரே தாளில் மூன்று படம். முன்னால் இருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, மேலே இருந்து எப்படி. மேலே இருந்து பார்த்த படத்தில் வகிடும் கொண்டையும் மட்டும் இருந்தன.

ஊரிகம் பிரேமா என்று ஒரு நர்ஸ் வகுப்புக்கு வருகிறாள். அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், நட்டு போல்ட் எல்லாம் எங்க? பேக் பண்ணித் தனியா அனுப்புவீங்களா?"

ராமலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. "அளவு சரியா இருக்குதாம்மா? அதச் சொல்லு," என்றார்.

அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாவை நான் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். படத்தில் அவர் இல்லை.

காரணத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் முகத்தின் நடுவில் ஒரு கோடு போடுவார். நெற்றியிலிருந்து முகவாய் வரை. வலது பாதியை மட்டும் ஆளைப் பார்த்து வரைவார். பிறகு தாளை அந்தக் கோட்டில் மடித்து, சன்னல் கண்ணாடியில் வைத்து, இடது பாதியை அப்படியே நகல் எடுத்துவிடுவார்.

"சார், இந்தப் பாதியைப் பார்த்து வரையலையே நீங்க?"

"எதுக்கு மேடம்? ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே. டிராயிங் ஆபீஸ்ல அப்படித்தான். ஒரு பக்கம் வரைஞ்சு நடுக்கோடு போட்டா, மறுபக்கம் அதே மாதிரின்னு அர்த்தம்."

"முகத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது."

"இருக்கணும். இல்லன்னா அது உற்பத்தியில வந்த கோளாறு."

பிரேமா தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி ஒரு தப்பை வேறு யாராலும் செய்ய முடியாது. கை தேர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பார்க்காமலே சரியாக வரையத் தெரிந்தவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

சுகர்

வகுப்பின் நடுவில் டீ வரும். பக்கத்துக் கடையிலிருந்து பிரேமா வாங்கி வருவாள், அல்லது நான் என் வீட்டிலிருந்து கொண்டு போவேன். கடை டீ வரும் நாளில் ராமலிங்கமும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வார். என் வீட்டு டீ வரும் நாளில் மட்டும் பையிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுப்பார்.

"சுகர் மேடம்," என்பார். "வெளியில எதுவும் தொடறதில்ல."

இரண்டிலும் சர்க்கரை ஒன்றுதான். நான் கவனித்தேன். பத்திரிகையில் இருந்தவர்களுக்கு இது வழக்கம். தகவலை வாங்கி வைத்துக்கொள்வோம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். லைன் வீடுகளில் இருக்கும் எங்கள் குடும்பங்கள், என்னுடையதும் அசோகன் அண்ணனுடையதும் சேர்த்து, பௌத்தத்துக்கு மாறியவை. சுரங்கக் காலத்தில், எங்கள் தாத்தாக்கள் எடுத்த முடிவு. எந்தச் சாதியிலிருந்து வெளியேற அந்த முடிவை எடுத்தார்களோ, அந்தச் சாதியை மற்றவர்கள் மறந்துவிடவில்லை. கம்பெனிக் குடியிருப்பில் சிலர் லைன் வீட்டுக்காரர்களோடு ஒன்றாக வேலை செய்வார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள், கடனுக்கு அவர்களிடமே ஜாமீன் கையெழுத்தும் வாங்குவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வேறு வேலை வந்துவிடும்.

நிவேதா ஒரு மாலையில் என்னைத் தேடி வந்தாள். பெங்களூரில் மென்பொருள் வேலை. ராகுலும் அங்கேதான், தினமும் இருவரும் ஒரே ரயிலில் போய் வந்தவர்கள். வரவேற்புக்கு என்னை அழைக்க வந்திருந்தாள்.

"அப்பா ஒத்துக்கிட்டார் மேம். பெரிய விஷயம்தான். ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்கார்."

"என்ன?"

"வருவாராம். மேடையில நிப்பாராம். சாப்பிட மாட்டாராம். சுகராம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அசோகன் மாமாவுக்கு எல்லாம் புரியும் மேம். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார். ஆனா அன்னிக்கு எங்கப்பா சாப்பிடாம போயிட்டா, நான் அந்த வீட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? தினமும் அவங்க கையாலதானே சாப்பிடப் போறேன்."

சாதி என்ற சொல்லை அவள் அப்பா வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லையாம். சுகர் என்றுதான் சொல்வாராம்.

"உங்க பேச்சுன்னா கேப்பார். மாமாவோட பக்கத்துல கொஞ்ச நேரம் உக்கார வைங்க மேம். ப்ளீஸ். ஸ்வல்ப," என்று கொஞ்சத்தைக் கன்னடத்தில் சொன்னாள்.

"உட்கார்ந்தவரை வரைவேன் நிவேதா. உட்கார வைப்பது என் வேலை இல்லை."

அவள் எழுந்து போகவில்லை. அப்பாவின் பிடிவாதம் அவளிடமும் உண்டு.

"சரி. மேசையை எங்க போடணும்கிறது உங்க வேலைதானே?"

"அது என் வேலை."

"வாசலுக்குப் போற வழியில போடுங்க," என்றாள். எப்படியும் அங்கேதான் போட்டிருப்பேன்.

இரண்டு காது

காலையில் விகாரையில் திருமணம். வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, பஞ்சசீலம். ராமலிங்கம் கடைசித் தூண் பக்கம் நின்றே இருந்தார். மாலை வரவேற்புக்குத் தாமதமாக வந்தார். மேடை ஏறினார். மகள் தலையில் கை வைத்தார், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார், ஒரு படம் எடுத்துக்கொண்டார். இறங்கினார். அவர் மனைவி அதற்குள் பெண்களோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டிருந்தார். ராமலிங்கம் நேராக வாசலை நோக்கி நடந்தார்.

நான் அதற்குள் அசோகன் அண்ணனை வரைந்து முடிக்கும் நிலையில் இருந்தேன். விதியை மீறவில்லை. தாளின் வலது பாதியில் அவர், இடது பாதி வெள்ளையாக இருந்தது. அதைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள், பிரேமாவும் இருந்தாள்.

ராமலிங்கம் கூட்டத்தைத் தாண்டும்போது கண் தாளின் மேல் விழுந்தது. கால் நின்றது. அது தொழில் பழக்கம். வரைபடப் பிரிவில் இருந்தவருக்கு அடுத்தவர் மேசையில் இருக்கும் தப்பைத் தாண்டிப் போக முடியாது.

"மேடம்," என்றார் மெதுவாக. "காது மட்டம் தவறிப் போச்சு."

"எங்க சார்?"

"இது மேல இருக்கு, அது கீழ இருக்கு. ரெண்டும் ஒரே கோட்டுல வரணும்."

"ஆளைப் பாத்துதான் வரைஞ்சேன். நீங்க பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடப் பேச்சுவார்த்தையில் அந்த முகத்தை அவர் எதிரே வைத்துப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அசோகன் அண்ணன் சாய்ந்த தலையோடு சிரித்தார். கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"வாங்க. உக்காருங்க."

"இல்ல, பரவால்ல. கிளம்பணும்."

அவர் கிளம்பவில்லை. கண் திரும்பத் திரும்பக் காதுக்கே போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். என் நாற்காலியைக் காட்டி, புதுத் தாள் ஒன்றைப் பலகையில் மாட்டி, பென்சிலை நீட்டினேன்.

"நான் போட்டது தப்புன்னா நீங்க சரியாப் போட்டுக் காட்டுங்க சார்."

பிரேமா கை தட்டினாள். "டீச்சர் அவுட்டு! சார், விடாதீங்க, மானப் பிரச்சினை!"

ராமலிங்கம் வாசலைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

முதலில் நடுக்கோடு போட்டார், அதே அப்பழுக்கில்லாத கோடு. வலது கண், வலது கன்னம், வலது காது. மடிக்கப் போனவர், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கோடு ஒரு பக்கம் நின்றது, அந்த முகத்தின் மூக்கு வேறு பக்கம் போயிருந்தது.

"தலைய கொஞ்சம் நேரா வையுங்க."

அசோகன் அண்ணன் நேராக வைத்தார். மேடையில் பாட்டுக்காரர் மைக்கைத் தட்டினார். தலை உடனே இடது தோளுக்குப் போய்விட்டது.

"நேரா, நேரா."

"வராதுங்க. எங்கூட்டுக்காரியும் எவ்ளோ நாளா சொல்லிப் பாக்கறா. தூங்கும்போது கூட இப்படித்தானாம்."

"அடி ஏதாவது பட்டுதா?"

"அடி இல்ல. மணி."

ராமலிங்கத்துக்குப் புரியவில்லை. அசோகன் அண்ணன் கையை ஆட்டிச் சொன்னார். அவர் வைண்டிங் டிரைவர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டை, மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்து ஓட்டியவர்.

"கேஜு என் கண்ணுக்குத் தெரியாதுங்க. கயிறு ஓடறது தெரியும், அவ்ளோதான். எந்த லெவல்ல கீதுன்னு எதிர்ல டயலு காட்டும். ஏத்து, இறக்கு, நிறுத்துன்னு கீழ இருந்து மணி அடிப்பான். அந்த மணி இடது பக்கம். என்ஜின் போடற சத்தத்துல, காத அந்தப் பக்கமா வச்சாத்தான் எத்தினி அடிச்சான்னு எண்ண முடியும். தப்பா எண்ணினா உள்ள கீறவன் கதி அதோ கதி. ஷிப்டு பூராவும் கண்ணு இங்க, காது அங்க. கழுத்து அப்படியே நின்னுபோச்சு."

"தப்பா எண்ணினது உண்டா?"

"எண்ணியிருந்தா இந்த ஊர்ல பொண்ணு குடுப்பாங்களா எனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராமலிங்கம் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்தார்.

"கயிறு சுத்தற டிரம் எவ்வளவு பெருசு?"

அசோகன் அண்ணன் எழுந்து கூடத்தின் கூரையைக் காட்டினார். "அதுக்கும் மேல."

"பிரேக்?"

"லிவரு. கையிலதான்."

"அவ்வளவு எடைய ஒரு லிவரா? கயிறு நீளுமே. நீளறதுக்கு எப்படிக் கணக்கு வச்சிங்க?"

"அப்பிடிக் கேளுங்க!" அசோகன் அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டுவிட்ட முகம். கயிறு நீளுவதையும் டயலில் சாக்பீஸால் குறி போட்டதையும் அவர் சொல்லச் சொல்ல, ராமலிங்கம் ரப்பரை எடுத்தார். நடுக்கோட்டை மேலிருந்து கீழ் வரை அழித்தார்.

அதற்குப் பிறகு அவர் கை வேகம் மாறிவிட்டது. தாளை ஒரு பார்வை பார்த்தால் ஆளை நாலு பார்வை பார்த்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைச் சாய்த்தார். இடது காதைப் போட்டார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டார். மறுபடி அழித்தார். இன்னும் பெரிதாகப் போட்டார். கடைசியில் அந்தக் காது ஒரு புனலைப் போல விரிந்து, பாதித் தாளைப் பிடித்துக்கொண்டது. மீதி முகம் அதற்குள் போய்ச் சேர்வது போல் சாய்ந்திருந்தது.

நல்ல படம். சில கோடுகள் விறைப்பாக இருந்தன என்பதைத் தவிர எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தக் காதை நான் அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க மாட்டேன். தவறு என் பக்கம்தான்.

அசோகன் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி இது! காதுலியே பாதி மூஞ்சி போயிடுச்சே."

"வேலை செஞ்ச காது," என்றார் ராமலிங்கம். "பெருசாத்தான் இருக்கும்."

கடைசிப் பந்தி

அசோகன் அண்ணனின் மனைவி சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்தார். கையில் கணவருக்கான மாத்திரைப் பட்டை.

"இன்னாங்க, நீங்க இன்னும் சாப்பிடலியா? கடைசிப் பந்தி போடறாங்க."

"சம்மந்தி சாப்பிடாம நான் எப்பிடி சாப்பிடறது?"

அவர் அதைச் சவாலாகச் சொல்லவில்லை. வழக்கத்தைத்தான் சொன்னார். விருந்து கொடுப்பவர் சம்பந்திக்கு முன்னால் கை நனைக்க மாட்டார். ஆனால் சொன்ன பிறகு எல்லோர் கண்ணும் ராமலிங்கத்தின் மேல் போனது. மேடையிலிருந்து நிவேதா இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். படமெடுப்பவர் அவளைத் திரும்பச் சொன்னார். அவள் திரும்பவில்லை.

ராமலிங்கம் பென்சிலைப் பெட்டியில் வைத்தார். பெட்டியை நேராக வைத்தார்.

"எனக்கு சுகர்..." என்று ஆரம்பித்தார்.

"அதான் சார் நானும் சொல்றேன்," என்றாள் பிரேமா. "சுகர் கீறவங்க நேரத்துக்கு சாப்பிடணும். பட்டினி கெடந்தா மயக்கம் போட்டு விழுவீங்க. அப்புறம் டியூட்டி இல்லாத அன்னிக்கும் நான்தான் தூக்கணும். நர்ஸ் சொல்றேன், எழுந்துருங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அது குத்தலாகப் போயிருக்கும். அவள் அதைத் திட்டு மாதிரி சொன்னாள்.

ராமலிங்கம் எழுந்தார். வாசல் வலது பக்கம், சாப்பாட்டுக் கூடம் இடது பக்கம். அசோகன் அண்ணன் கையைப் பிடிக்கவில்லை, வற்புறுத்தவில்லை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ராமலிங்கம் பின்னால் போனார்.

நானும் பேனாக்களை மூடிவிட்டுப் போனேன். எனக்கும் பசி. அவர்களுக்கு எதிர் வரிசையில் இடம் கிடைத்தது. இலையில் பிரியாணி விழுந்தது, பக்கத்தில் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, தால்ச்சா. ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்ததால், ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். பரிமாறுகிறவர்கள் வேலை செய்வது போலப் பாவனை செய்துகொண்டு அவரையே கவனித்தார்கள். கூடத்தின் வாசலில் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நிவேதா வந்து நின்றாள். ராகுல் அவளுக்குப் பின்னால்.

ராமலிங்கம் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். அடுத்த கவளத்துக்குக் கை போகாமல் இலை மேலேயே நின்றது. அசோகன் அண்ணன் தன் இலையைத் தொடாமல் காத்திருந்தார். தலை வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"உப்பு கம்மி," என்றார் ராமலிங்கம், நன்றாகக் கேட்கும் குரலில்.

பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

அசோகன் அண்ணனின் முகம் விரிந்தது. மகன் தாலி கட்டும்போது கூட, இல்லை, எங்களில் தாலி இல்லை, மகன் மெழுகுவத்தி ஏற்றும்போது கூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. விருந்தாளியாக வந்தவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குறை சொல்ல உரிமை உள்ளவர் சம்பந்தி மட்டும்தான்.

"டேய்!" என்று சமையல் கட்டைப் பார்த்துக் கத்தினார். "யார்ரா அங்க? சம்மந்தி உப்பு கேக்கறாரு! இன்னா சமைச்சி வச்சிகீறீங்க? மானம் போவுதுடா!"

நாலு பக்கத்திலிருந்து உப்புக் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள். நிவேதா முதலில் வந்து சேர்ந்தாள். அப்பாவின் இலையோரத்தில் அவளே ஒரு சிட்டிகை வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பிசைந்து சாப்பிட்டார். பிறகு கத்திரிக்காயை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். அசோகன் அண்ணன் தன் இலையில் கை வைத்தார்.

நானும் அதே அண்டாவிலிருந்துதான் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.